பூட்டிய வீட்டில் ஓர் அழுகுரல்

வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்படுகிறோம். சாவி திரும்புகின்றது, காலடி ஓசை தெருவில் தேய்ந்து மறைகின்றது. பேருந்து நிறுத்தத்தை அடைவதற்குள் வீட்டு நினைவு நம்மை விட்டு அகன்றுவிடுகின்றது. ஆனால், பூட்டிய கதவின் உட்புறத்தில் ஓர் உயிர் நின்றுகொண்டிருக்கின்றது. நாம் எங்கே சென்றோம் என்பது அதற்குத் தெரியாது. எப்போது வருவோம் என்பதும் தெரியாது. வருவோமா என்பதே தெரியாது.

நாய் வளர்க்கும் இல்லங்கள் பலவற்றில் அன்றாடம் நிகழும் இக்காட்சியை நாங்களும் நெடுநாள் எண்ணிப் பார்த்ததில்லை. அண்டை வீட்டார் வந்து சொல்லிய பிறகே எங்கள் கண் திறந்தது. அதன் பின் நாங்கள் செய்த தவறுகளையும், கற்றுக்கொண்ட பாடங்களையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறோம். இதே துன்பத்தில் இருக்கும் குடும்பம் ஒன்றுக்கேனும் இது பயன்படுமாயின் மகிழ்வோம்.

மணி வந்த வரலாறு

2020ஆம் ஆண்டின் ஊரடங்கு நாள்கள். தெருமுனையில் பசியால் கத்திக்கொண்டிருந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எங்கள் மகன் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்தான். அலுவலகமும் பள்ளியும் மூடியிருந்த காலம் அது. வீட்டில் எந்நேரமும் ஐந்து பேர் இருந்தோம். மணி என்று பெயர் பெற்ற அக்குட்டி ஒரு மடியிலிருந்து மறு மடிக்கு மாறி வளர்ந்தது. தனித்திருத்தல் என்பதை அதற்குக் கற்பிக்க வாய்ப்பும் இல்லை; கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணமும் எங்களுக்குத் தோன்றவில்லை.

2022ஆம் ஆண்டில் பள்ளியும் அலுவலகமும் வழக்கம்போல் நடைபெறத் தொடங்கின. பகலில் வீட்டில் எஞ்சியவர்கள் இருவரே: பிள்ளைகளின் தாத்தாவும் மணியும். தாழ்வாரத்துச் சாய்வு நாற்காலியில் பெரியவர் அமர்ந்து வானொலி கேட்பார். அவர் காலடியில் மணி படுத்திருக்கும். மாலையில் நாங்கள் திரும்பும்போது இருவரும் வாயிலில் நிற்பார்கள்.

2024 சூன் மாதத்தில் பெரியவர் எங்களைவிட்டுப் பிரிந்தார். துக்க நாள்கள் முடிந்து, உறவினர் ஊர் திரும்பி, நாங்களும் அவரவர் கடமைக்குச் சென்றோம். காலை எட்டு மணிக்குப் பூட்டிய கதவு பிற்பகல் மூன்றரை மணிக்குத்தான் திறந்தது. நாற்காலி வெறுமையாக இருந்தது. மணி முதன்முறையாகத் தன் வாழ்வில் தனியாக இருந்தது.

இரண்டு வாரங்கள் கழிந்தபின் அண்டைக் குடித்தனத்துப் பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

“அக்கா, சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் போன ஐந்தாவது நிமிடமே மணி ஊளையிடத் தொடங்கிவிடுகிறது. கைக்குழந்தை தூங்க முடியவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் குரலைக் கேட்கத்தான் முடியவில்லை.”

கதவின் அடிப்பகுதி நகக் கீறல்களால் சிதைந்திருந்ததையும், கூடத்தில் சிறுநீர் தேங்கியிருந்ததையும் நாங்கள் முன்பே கண்டிருந்தோம். ஆனால், அவற்றைக் குறும்பு என்றே கருதினோம். “நம்மைப் பழிவாங்குகிறது” என்று கூறி அதட்டினோம். ஒருநாள் செய்தித்தாளைச் சுருட்டி அடிக்கவும் செய்தோம். மணி காதுகளை மடித்து, வாலை ஒடுக்கி, தலைகுனிந்து நின்றது. “பார், தவறு செய்தது அதற்கே தெரிகிறது” என்றோம். இன்று அதை நினைக்கும்போது நாணம் மேலிடுகின்றது.

இதற்கிடையே வீட்டு உரிமையாளர், நாயை ஒரு மாதத்திற்குள் அப்புறப்படுத்த வேண்டும், இயலாவிடில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். உறவினர் ஒருவர் எளிய வழி சொன்னார்: “வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சந்தைப் பக்கம் விட்டுவிடுங்கள். பிழைத்துக்கொள்ளும்.” அன்றிரவு எங்கள் மகள் உணவருந்தவில்லை.

வளர்த்த விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் வருந்துமாறு கைவிடுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்க, நான்கு ஆண்டு உண்டு உறங்கிய வீட்டைத் தவிர வேறு உலகு அறியாத உயிர் சந்தையில் எவ்வாறு பிழைக்கும்? அதை அனுப்பவும் மனமில்லை, வைத்திருக்கவும் வழியில்லை. அந்நிலையிலேயே கால்நடை மருத்துவரை நாடினோம்.

குறும்பா, அச்சமா?

மருத்துவர் எங்களிடம் முதலில் கேட்டது ஒரு சிறு செயலையே. “நீங்கள் வெளியே போகும்போது கைப்பேசியை ஓரிடத்தில் வைத்துப் படம் பிடியுங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.”

அவ்வாறே செய்தோம். அன்று மாலை குடும்பமாக அமர்ந்து அப்படத்தைப் பார்த்தோம். கதவு மூடிய கணத்திலிருந்து மணி கதவையே நோக்கி நிற்கின்றது. பின் மூச்சிரைக்கின்றது, வாயிலிருந்து எச்சில் வடிகின்றது. தாழ்வாரத்திற்கு ஓடிச் சாய்வு நாற்காலியை முகர்கின்றது. மீண்டும் கதவருகே வந்து பிறாண்டுகின்றது. பின்னர் தலையை உயர்த்தி ஊளையிடுகின்றது. தட்டில் வைத்த இறைச்சிச் சோற்றை அது திரும்பியும் பார்க்கவில்லை. படம் முடியும்வரை எங்களில் எவரும் பேசவில்லை.

“இது குறும்பு அன்று, அச்சம்” என்றார் மருத்துவர். குறும்பு செய்யும் நாய் செருப்பைக் கடித்து விளையாடும், களைத்தால் உறங்கும், வைத்த உணவை உண்ணும். பிரிவச்சம் கொண்ட நாயோ, வீட்டார் வெளியேறும் வாயிலையே பெரும்பாலும் தாக்கும்; உணவைத் தொடாது. அதன் துயரம், வீட்டார் புறப்பட்ட முதல் அரை மணிக்குள்ளேயே பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். எனினும், சிறுநீர்த் தொல்லை, உடல் வலி, முதுமைத் தளர்ச்சி ஆகியவையும் இத்தகைய குறிகளைக் காட்டக்கூடும். ஆகவே, முதலில் மருத்துவப் பரிசோதனை இன்றியமையாதது என்றும் அவர் விளக்கினார்.

அப்படியானால் அந்தக் குற்ற முகம்? நியூயார்க்கின் பார்னார்டு கல்லூரி ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதற்கு விடையளிக்கின்றது. நாய் தவறு செய்ததா இல்லையா என்பதைப் பொறுத்து அந்த முகபாவம் தோன்றவில்லை. உரிமையாளர் கடிந்துகொண்டபோதே மிகுதியாகத் தோன்றியது. நாங்கள் குற்ற உணர்வு என்று எண்ணியது எங்கள் கோபத்தைக் கண்டு அது கொண்ட அச்சமே. காலையில் செய்ததற்கு மாலையில் அடித்தால் நாய்க்கு எதுவும் விளங்குவதில்லை. வீட்டார் போவதும் அச்சம், வருவதும் அச்சம் என்ற இருமடங்குத் துன்பமே அதற்கு எஞ்சும்.

பிணைப்பின் ஆழம்

மனிதனுக்கும் நாய்க்கும் இடையேயுள்ள உறவு நேற்று முளைத்ததன்று. ஜெர்மனியின் பான் நகரையொட்டிய ஓபர்காசல் என்னுமிடத்தில் 1914ஆம் ஆண்டு ஒரு புதைகுழி கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குழியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கிடத்தப்பட்டிருந்தனர்; அவர்களுடன் ஒரு நாயின் எலும்புகளும் இருந்தன.

தாயைப் பிரிந்த குழந்தை எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதை அறிய மேரி எயின்ஸ்வொர்த் என்னும் உளவியலாளர் ஒரு சோதனையை வகுத்தார். அதே சோதனையை ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் நாய்களிடம் நடத்தி 1998ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். உரிமையாளர் உடனிருக்கையில் நாய்கள் அதிகம் விளையாடின. அயலார் மட்டும் இருக்கையில் கதவருகே அதிக நேரம் நின்றன. குழந்தை தாயிடம் கொள்ளும் பிணைப்பை ஒத்த ஒன்றை நாய் மனிதனிடம் கொள்கின்றது என்பது அவர்கள் கண்ட உண்மை.

ஜப்பானிய நாய் ஹாச்சிகோவின் கதையை வாசகர் பலர் அறிவர். பேராசிரியர் உவேனோ 1925ஆம் ஆண்டு மே மாதம் காலமான பின்னும், 1935 மார்ச்சில் தான் இறக்கும்வரை அது டோக்கியோவின் சிபுயா இரயில் நிலையத்திற்கு வந்துகொண்டிருந்தது. 1934ஆம் ஆண்டில் அதற்குச் சிலையும் எழுப்பினர். நன்றிக்கு நாய் என்று நாமும் போற்றுகிறோம். ஆனால், காத்திருத்தலைப் போற்றும் நாம், காத்திருக்கும் உயிரின் உள்ளத்தில் என்ன நிகழ்கின்றது என்பதைச் சிந்திப்பதில்லை.

அச்சத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்தல்

அச்சத்தை அதட்டிப் போக்க இயலாது, பழக்கத்தால் கரைக்கலாம். 1924ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ், முயலைக் கண்டு அலறிய மூன்று வயதை எட்டாத சிறுவன் ஒருவனைக் குணப்படுத்திய முறையை வெளியிட்டார். சிறுவன் விரும்பிய தின்பண்டத்தை உண்ணும் வேளையில், அவன் அஞ்சாத தொலைவில் முயலைக் கொண்டுவந்து, நாளடைவில் அருகே நகர்த்தினார். இறுதியில் சிறுவன் முயலைத் தொட்டு விளையாடினான். நாய்களின் பிரிவச்சத்திற்கு இன்று சொல்லப்படும் பயிற்சியும் இவ்வகையைச் சார்ந்ததே. அதை நாங்கள் கைக்கொண்ட விதம் வருமாறு:

1. புறப்பாட்டு அடையாளங்களைப் பொருளற்றவை ஆக்குதல். சாவிக்கொத்து ஒலித்ததும், உணவு அடுக்கை எடுத்ததும், செருப்பை மாட்டியதும் மணியின் மூச்சு விரைந்தது. எனவே, விடுமுறை நாளில் சாவியை எடுத்துக்கொண்டு சமையலறைக்குச் சென்றோம். செருப்பணிந்து செய்தித்தாள் படித்தோம். நாளுக்குப் பல முறை இவ்வாறு செய்யவே, பத்து நாளில் சாவியின் ஓசைக்கு அது தலை தூக்குவதையும் நிறுத்தியது.

2. அதற்கென ஓரிடம். தாத்தாவின் நாற்காலியருகே பழைய பாயை விரித்து, அதில் அமைதியாகப் படுத்திருக்கப் பழக்கினோம். நாங்கள் வீட்டிலிருக்கும்போதே அடுத்த அறைக்குச் செல்வோம். அது பின்தொடராமல் படுத்திருந்தால் ஒரு சிறு தின்பண்டம் கிடைக்கும்.

3. நொடிக் கணக்கில் தொடங்குதல். கதவைத் திறந்து மூடினோம். பின் வெளியே ஐந்து நொடி, அடுத்து பத்து நொடி, முப்பது நொடி, ஒரு நிமிடம். அச்சம் தலைதூக்குவதற்கு முன்னரே திரும்பிவிடுதல் இதன் உயிர்நாடி. அழத் தொடங்கினால் நாம் விரைந்துவிட்டோம் என்பது பொருள். மறுநாள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். நேரத்தை ஒரே சீராகக் கூட்டாமல், இரண்டு நிமிடத்திற்குப் பின் அரை நிமிடம், பின் மூன்று நிமிடம் எனக் கலந்து செய்தோம். முதல் நாற்பது நிமிடங்களே கடினமானவை. அதைக் கடந்தபின் காலத்தைச் சற்று விரைவாக நீட்டலாம்.

4. பயிற்சிக் காலத்தில் முழுத் தனிமையைத் தவிர்த்தல். காலையில் ஐந்து நிமிடம் பழக்கிவிட்டுப் பின் ஏழு மணி நேரம் பூட்டி வைத்தால், கட்டிய சுவர் அன்றே இடிந்துவிடும். எங்களுக்கு மிகுந்த இடர் தந்தது இப்பகுதியே. வேலையை விடும் நிலையில் நாங்கள் இல்லை. விடுப்பை மாற்றி மாற்றி எடுத்தோம். பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனியாக வாழ்கிறார். பிள்ளைகள் அவரை டீச்சர் பாட்டி என்பர். “எனக்கும் பகல் நீளமாகத்தான் இருக்கிறது, கொண்டுவந்து விடுங்கள்” என்று அவரே முன்வந்தார்.

5. உடலுக்கும் மூக்குக்கும் வேலை. விடியற்காலையில் அரை மணி நேர நடை. கழுத்துக் கயிற்றை இழுக்காமல், விரும்பிய இடத்தில் நின்று முகர விட்டோம். புறப்படும்போது, உட்குழிவுள்ள கெட்டி இரப்பர்ப் பொம்மையில் தயிர்சோற்றை அடைத்துக் கொடுத்தோம். நக்கி நக்கி உண்பதற்கு நெடுநேரம் ஆகும். நாய் அதைத் தொடாமல் விட்டால் அச்சம் இன்னும் மிகுதி என்று அறியலாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும். இவற்றை ஒருபோதும் வைக்கலாகாது.

6. அமைதியான போக்கும் வரவும். புறப்படும்போது கட்டிப்பிடித்துக் கண்ணீர் மல்க விடைபெறுவதை நிறுத்தினோம். திரும்பியதும் அது துள்ளி அடங்கிய பின் மென்மையாகத் தடவிக் கொடுத்தோம்.

செய்யத்தகாதவை

சங்கிலியால் கட்டிவிட்டுச் செல்வது தீர்வாகாது. அச்சத்தில் திமிறும் நாய் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும். கூண்டில் அடைத்தால் பல்லும் நகமும் உடையும்வரை போராடும் நாய்களும் உண்டு. குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டி வைப்பதையும், எந்நேரமும் கட்டி வைத்த நாய்க்கு நடமாட்டம் தராதிருப்பதையும் மேற்சொன்ன 1960ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கின்றது. துணைக்கு இன்னொரு நாயைக் கொண்டுவருவதும் எப்போதும் பயன் தருவதில்லை. அதன் ஏக்கம் மனிதரைக் குறித்தது. இரண்டும் சேர்ந்து ஊளையிடும் வீடுகளும் உண்டு.

சில நாய்களுக்கு அச்சம் மிக ஆழமானது. பயிற்சி மட்டும் போதாது. இத்துயருக்கென நாய்களுக்குக் கொடுக்க குளோமிப்ரமின் என்னும் மருந்தை அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1998ஆம் ஆண்டிலும், ஃபுளுவாக்செட்டின் என்னும் மருந்தை 2007ஆம் ஆண்டிலும் ஏற்றது. இவை உறங்க வைக்கும் மருந்துகள் அல்ல. அச்சத்தின் உச்சத்தைத் தணித்துப் பயிற்சி பதிய இடம் தருபவை. பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். கால்நடை மருத்துவரின் சீட்டின்றி, வீட்டிலுள்ள மனித மருந்தை அளவறியாமல் கொடுப்பது உயிருக்கே ஆபத்து. மணிக்கு மருந்து தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் கொடுத்திருப்போம், அதில் இழிவு ஏதும் இல்லை.

விழுந்தும் எழுந்தும்

குறிப்பிட்ட ஒரு மாதம் முடியும் நாளில் வீட்டு உரிமையாளரை நாங்களே சென்று கண்டோம். முதல் நாள் எடுத்த படத்தையும், அன்று காலை எடுத்த படத்தையும் காட்டினோம். அன்றன்றைய நிமிடங்களை எங்கள் மகள் குறித்து வைத்த ஏட்டையும் கொடுத்தோம். பதினெட்டு நிமிடம் என்று அதில் கடைசியாக எழுதியிருந்தது. ஏட்டை இருமுறை புரட்டியவர், “பொங்கல் வரை பார்ப்போம்” என்றார். கதவைப் புதுப்பிக்கும் செலவை நாங்கள் ஏற்றோம். கைக்குழந்தையின் தாயிடமும் சென்று பொறுமைக்கு நன்றி கூறினோம்.

அக்டோபர் இறுதியில் தீபாவளி வெடியோசை எல்லாவற்றையும் குலைத்தது. ஒரு மணி நேரம் அமைதியாக இருந்த மணி, மீண்டும் இரண்டு நிமிடத்திற்கே நடுங்கியது. மகன் சோர்ந்துபோனான். “முதலிலிருந்து தொடங்க வேண்டுமே” என்றான். தொடங்கினோம். முன்பு ஆறு வாரம் எடுத்த வழியை இம்முறை இரண்டு வாரத்தில் கடந்தது. கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்குக் குடும்பமாகச் சென்று இரண்டரை மணி நேரம் கழித்துத் திரும்பியபோது, தெருவில் எவ்வித ஓசையும் இல்லை. கதவைத் திறந்தோம். மணி பாயில் உறங்கிக்கொண்டிருந்தது. தலை மட்டும் நாற்காலியின் காலில் சாய்ந்திருந்தது.

இன்று மணி நான்கு மணி நேரம் தனியே இருக்கின்றது. அதற்கு மேல் நாங்களும் கேட்பதில்லை. நண்பகலில் டீச்சர் பாட்டி வந்து கதவைத் திறக்கிறார். இருவரும் தாழ்வாரத்தில் அமர்ந்து வானொலி கேட்பதாகப் பிள்ளைகள் சொல்கின்றனர்.

நாய்க்குட்டி வாங்க எண்ணும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முதல் வாரத்திலிருந்தே, நாளுக்குச் சில நிமிடம், அடுத்த அறையில் அதைத் தனித்திருக்கப் பழக்குங்கள். நாள் முழுவதும் வீடு பூட்டியே கிடக்கும் எனில், இப்போது வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்வதும் அன்பே.

இறுதியாக, எங்கள் நெஞ்சை விட்டு அகலாத ஒன்றைச் சொல்லி முடிக்கிறோம். மணியின் முதல் படத்தைப் பார்த்த இரவில், எட்டு மணியிலிருந்து மூன்றரை மணி வரை ஒரு பகல் எவ்வளவு நீளமானது என்பதை முதன்முறையாக உணர்ந்தோம். அதே நீளமான பகல்களை, அதே வீட்டில், இரண்டு ஆண்டுகள் பெரியவரும் கழித்தார். அவர் கதவைப் பிறாண்டவில்லை, ஊளையிடவில்லை. மாலையில் வாயிலில் நின்று, “வந்துவிட்டீர்களா?” என்று மட்டும் கேட்டார். “பகலெல்லாம் என்ன செய்தீர்கள்?” என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

வாசகர்களே, உங்கள் இல்லத்து வாயிலில் இன்று மாலை எவரேனும் காத்து நிற்கக்கூடும். ஐந்து நிமிடம் முன்னதாகச் செல்லுங்கள். சென்று, அருகே அமருங்கள்.